நகைக்கடைக் கணக்கு

போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னோடு தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர். என் கதைகளை வெட்டாமல் போடுகிறவர். சன்மானத்தையும் தாமதமில்லாமல் அனுப்புகிறவர். அப்படிப்பட்டவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் அன்றைக்குக் கோபித்துக்கொண்டேன்.

"ஸார், மலருக்கு ஒரு கட்டுரை வேணும். இந்த வருஷம் எதெதுக்கு வெள்ளி விழா, எதெதுக்குப் பொன் விழா, எதுக்கு நூற்றாண்டுன்னு ஒரு கண்ணோட்டம். கொஞ்சம் ராக் சங்கீதம், கொஞ்சம் கால்பந்து, கொஞ்சம் உலக சரித்திரம். எல்லாத்தையும் கலந்து கொடுத்தா படிக்கிறவங்களுக்கு ருசியா இருக்கும்" என்றார்.

"எதுக்காக?" என்று கேட்டேன்.

"எதுக்காகன்னா? ஐம்பது வருஷம் ஆச்சே, ஸார்!"

அந்த 'ஆச்சே'யில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. ஐம்பது வருஷம் ஆவதற்கு யாரும் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. பூமி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். கொலைக்கும் ஐம்பது வருஷம் ஆகும், கோவிலுக்கும் ஆகும், கொடுக்காமல் ஏமாற்றிய கடனுக்கும் ஆகும். ஆகிவிட்டது என்பதே ஒரு பெருமையா?

வெள்ளி, பொன், வைரம் என்று நாம் விழாக்களுக்கு வைத்திருக்கிற பெயர்களைப் பாருங்கள். காலத்தை அளப்பதற்கு நகைக்கடையில் போய்ச் சொல் வாங்கியிருக்கிறோம்! நம் வீடுகளில் செய்கிற திவசத்துக்கு இந்தத் தரவரிசை கிடையாது. தகப்பனார் இறந்த பதினேழாவது வருஷமும் ஐம்பதாவது வருஷமும் பிள்ளைக்கு ஒன்றுதான். திதி வந்தால் செய்ய வேண்டும். பதினேழாவது வருஷத்தில் பித்ருக்களுக்குப் பசிக்காது என்று எந்தப் புரோகிதரும் சொன்னதில்லை. நான் பெரிய வைதிகன் அல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டில் இருக்கிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிப் பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு, வேறொரு பத்திரிகைக்காக, அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் சங்கீத விழாவின் பொன் விழாவைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். அன்பு, சமாதானம், இளைஞர் எழுச்சி என்று நான்கு பக்கம். கட்டுரை வந்த பத்தாம் நாள் ஓர் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. "முப்பதாவது வருஷத்தில் அந்த விழாவுக்கு என்ன கதி நேர்ந்தது என்று தாங்கள் எழுதவில்லையே, தெரியாதா, அல்லது விழாக் கட்டுரைக்கு அது ஆகாதா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே சில வரிகள் இருந்தன. அவற்றைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டேன்.

1969-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி. நியூயார்க் மாகாணத்தில் பெத்தல் என்னும் ஊரில் ஒரு பால் பண்ணைக்காரரின் நிலம். விழா நடத்தியவர்கள் ஒன்றும் துறவிகள் அல்ல. முன்கூட்டியே டிக்கெட் விற்றார்கள், லாபமும் எதிர்பார்த்தார்கள். ஆனால் வேலி போட்டு முடிப்பதற்குள் ஜனங்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். நாலு லட்சம் பேர் என்று கணக்கு. வேறு வழியில்லாமல் விழா இலவசமாயிற்று. மழை பெய்தது, சேறாயிற்று, சோறு தீர்ந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியாக வாசித்தபோது பெரும்பாலோர் வீடு போய்விட்டிருந்தார்கள். அந்தச் சேறும் இல்லாமையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததும்தான் அந்த மூன்று நாட்களின் பெருமை. அது திட்டமிட்டு வந்ததல்ல. ஆகவே அதைத் திட்டமிட்டுத் திருப்பி வரவழைக்கவும் முடியாது.

முடியும் என்று நினைத்தார்கள். 1999 ஜூலையில் முப்பதாவது ஆண்டு விழா. இடம், ரோம் என்னும் ஊரில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு விமானப்படைத் தளம். தரையெல்லாம் தார், நிழல் இல்லை. இந்தத் தடவை வேலியை மறக்கவில்லை. உயரமாக எழுப்பி, படமெழுதி, அதற்குச் சமாதானச் சுவர் என்று பெயரும் வைத்தார்கள். டிக்கெட் 150 டாலர். தகிக்கும் வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். பெண்கள் மீது நடந்த பலாத்காரங்களைப் பற்றிப் போலீசுக்குப் புகார்கள் போயின. கடைசி நாள் இரவு, துப்பாக்கிக் கொடுமைக்கு எதிராக ஏற்றுங்கள் என்று கூட்டத்துக்கு மெழுகுவர்த்திகள் கொடுத்தார்கள். ஜனங்கள் அந்த மெழுகுவர்த்திகளைக் கொண்டே தீ மூட்டினார்கள். சமாதானச் சுவரைப் பிய்த்து அந்தத் தீயில் போட்டார்கள். அதற்கப்புறமும் புத்தி வந்ததா? ஐம்பதாவது ஆண்டுக்கு இன்னொரு விழா ஏற்பாடு செய்தார்கள். பணம் போட்டவர்கள் விலகினார்கள், இடம் கிடைக்கவில்லை, 2019 ஜூலை 31-ஆம் தேதி விழாவே ரத்தாயிற்று.

இதில் எனக்குச் சங்கீதத்தின் மீது புகார் இல்லை. தாகத்துக்கு யாரோ கொடுத்த தண்ணீரைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லித் தண்ணீரை 4 டாலருக்கு விற்றார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். விழாவின் முழு எண் அந்த வியாபாரத்துக்கு ஒரு சாக்கு. இருபத்தொன்பதாவது வருஷத்தில் யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

"போகட்டும், வியாபாரம்தானே! நாலு பேர் நாலு காசு பார்த்துவிட்டுப் போகிறார்கள்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். காசோடு போனால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். முழு எண்ணில் விற்பனைக்கு வருகிற சரக்கு எப்போதும் பாட்டும் தண்ணீருமாக இருப்பதில்லை.

செர்பியர்களுக்கு ஜூன் 28 ஒரு பெரிய நாள். பழைய பஞ்சாங்கத்தில் அது ஜூன் 15. 1389-ஆம் ஆண்டு அந்த நாளில் கொசோவோ சமவெளியில் துருக்கியச் சுல்தானின் படைக்கும் செர்பிய இளவரசர் லாசரின் படைக்கும் போர் நடந்தது. சுல்தானும் இறந்தார், இளவரசரும் இறந்தார். செர்பியர்கள் அந்த நாளைத் தங்கள் இனத்தின் பெருந்துயர நாளாகப் பாடி வைத்துக்கொண்டார்கள். துயரத்தைப் பாடுவது தவறா? இல்லை. எந்த இனத்துக்கும் அந்த உரிமை உண்டு.

ஆனால் 1989-இல் அந்தத் துயரத்துக்கு அறுநூறு வயதாயிற்று. அறுநூறு! எவ்வளவு வசதியான எண்! முந்திய வருஷமே இளவரசர் லாசரின் எலும்புகளை எடுத்து ஊர் ஊராக, மடம் மடமாகக் கொண்டுபோனார்கள். ஜூன் 28-ஆம் தேதி அந்தப் போர்க்களத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். ஸ்லோபடான் மிலோஷெவிச் மேடையேறிப் பேசினார். ஆறு நூற்றாண்டு கழித்து மறுபடியும் நாம் போர்களில் நிற்கிறோம், இவை ஆயுதப் போர்கள் அல்ல, ஆனால் அப்படிப்பட்டவை வரவே வராது என்று சொல்லிவிட முடியாது என்ற கருத்தைச் சொன்னார். இரண்டே வருஷத்தில் யூகோஸ்லாவியாவில் ஆயுதப் போர் வந்தது. பொஸ்னியாவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பேச்சுதான் போரைக் கொண்டுவந்தது என்று ஒரே காரணமாகச் சொல்ல நான் அத்தனை பேதையல்ல. ஒரு நாடு உடைவதற்கு நூறு காரணங்கள் இருக்கும். ஆனால் ஜனங்களைத் திரட்டி வைத்துச் சூடேற்றுவதற்கு அந்த அறுநூறு மிகவும் உதவிற்று. அந்தப் போரில் மாண்ட யாருக்காவது 1389-இல் யாரோடாவது தகராறு இருந்ததா?

அதே மிலோஷெவிச்சைக் கைது செய்து ஹேக் நகரத்து நீதிமன்றத்திடம் ஒப்படைத்த நாள் எது தெரியுமா? 2001-ஆம் ஆண்டு ஜூன் 28! தேதிக்கு என்ன தெரியும்? அது எல்லாருக்கும் பொது. 1914-இல் ஸரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் ஜூன் 28-தான். அந்தச் சூட்டிலிருந்து கிளம்பிய உலக யுத்தத்துக்கு வெர்சேல்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் 1919 ஜூன் 28-தான். தேதியை மட்டும் கும்பிடுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு அதிசயம். எனக்கு இது எச்சரிக்கை.

இந்த இடத்தில் சில புத்திசாலிகள் என்னைக் கட்டித் தழுவிக்கொள்ள வருவார்கள். "சரியாகச் சொன்னீர்! இந்த வருஷக் கணக்கெல்லாமே மூட வழக்கம். பழசைக் கிளறாமல் ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டும்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சியில் இருந்தவன். அவர்கள் தழுவலிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். ஏனென்றால், பழசைக் கிளறாதே என்று உலகத்தில் அதிகமாகச் சொல்கிறவன், பழசில் எதையோ புதைத்து வைத்திருக்கிறவன்தான். இதற்கு நான் சொல்லப்போகிற சாட்சி கால்பந்து மைதானத்திலிருந்து வருகிறது.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி, சனிக்கிழமை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கோப்பையின் அரையிறுதி ஆட்டம். அந்தக் காலத்தில் அங்கே நின்று பார்க்கிற ஜனங்களை இரும்புக் கம்பி அடைப்புகளுக்குள் விட்டு நிறுத்துவார்கள். லிவர்பூல்காரர்களுக்கு ஒதுக்கிய வாசலில் கூட்டம் நெருக்கியது. மூன்று மணிக்கு ஆட்டம், 2.52-க்கு வெளியேறும் கதவு ஒன்றைப் போலீஸ் அதிகாரி திறக்கச் சொன்னார். திறந்தார்கள். உள்ளே போன ஜனங்களுக்கு எதிரே தெரிந்தது ஒரே ஒரு சுரங்க வழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குப் போகிற வழி. அதை மூடி, பக்கத்து அடைப்புகளுக்குத் திருப்பிவிட ஒருவரையும் நிறுத்தவில்லை. முன்னால் கம்பி, பின்னால் ஜனவெள்ளம். 3.06-க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். நின்றபடியே மூச்சு முட்டிச் செத்தார்கள். அந்த நாளின் காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 97 பேர். எல்லாரிலும் இளையவனுக்குப் பத்து வயது.

இது விபத்து. இனி வருவதுதான் அக்கிரமம்.

கதவைத் திறக்கச் சொன்ன அதிகாரியே, ஜனங்கள் கதவை உடைத்து நுழைந்துவிட்டார்கள் என்று அப்போதே சொன்னார். இறந்தவர்களின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள், குழந்தைகளையும் விடவில்லை. நாலாம் நாள் லண்டனின் 'சன்' பத்திரிகை, குடிகாரக் கூட்டம் பிணங்களின் பையில் திருடியது என்று எழுதி, அதற்கு 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டது. அதே ஆகஸ்டில் நீதிபதி டெய்லர் தம் விசாரணையில் போலீஸ் கட்டுப்பாடு தவறியதே முதற்காரணம் என்று சொல்லிவிட்டார். இருந்தும் என்ன? 1991-இல் மரண விசாரணை நீதிமன்றம் 'தற்செயல் மரணம்' என்று தீர்ப்பளித்துக் கோப்பைக் கட்டிவிட்டது.

பெற்றவர்கள் கட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-ஆம் தேதி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் கூடினார்கள். பெயர்களைப் படித்தார்கள். பாடினார்கள். அந்தப் பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1945-இல் ஒரு அமெரிக்க இசை நாடகத்துக்காகப் பிறந்த பாட்டு அது. 1963-இல் லிவர்பூல் இளைஞர்களின் ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் என்ற குழு அதைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டது. மைதானத்து ஜனங்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். தனியாக நடக்க விடமாட்டோம் என்பது அதன் சாரம். பொழுதுபோக்குக்கு வந்த பாட்டு, இறந்தவர்களுக்கு எடுத்த சபதமாயிற்று. வுட்ஸ்டாக்குக்கு வேலி போட்டவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

ஏழாவது வருஷம், பதினொன்றாவது வருஷம், பதின்மூன்றாவது வருஷம். எந்த நகைக்கடையிலும் பெயரில்லாத வருஷங்கள். "இன்னுமா?" என்று நாட்டில் பலர் சலித்துக்கொண்டார்கள். 2009-இல் இருபதாவது ஆண்டு வந்தது. ஆண்டி பர்ன்ஹாம் என்ற மந்திரி வந்து பேச எழுந்தார். சுமார் 30,000 பேர். நீதி வேண்டும் என்று எழுந்த கோஷத்தில் அவர் பேச்சு நின்றுபோயிற்று. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அரசாங்கத்திடம் கொண்டுபோனார். லிவர்பூல் பிஷப்பின் தலைமையில் ஒரு சுயேச்சைக் குழு அமைந்தது. லட்சக்கணக்கான பக்கங்களைப் புரட்டி 2012 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. மாற்றி எழுதப்பட்டதாகக் கண்டறிந்த போலீஸ் வாக்குமூலங்கள் 164. அவற்றில் 116-இல் போலீசுக்குப் பாதகமான பகுதிகளை அடித்திருந்தார்கள். சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்றும் தெரிந்தது. பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி புது ஜூரி சொன்னது: இவர்கள் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை.

இருபத்தேழு வருஷம்!

"இருபது என்பதும் முழு எண்தானே? உன் வாதம் எங்கே போயிற்று?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. மந்திரியை அழைத்து வந்தது இருபது என்ற எண்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மந்திரிக்கு எதிரே கோஷம் போட 30,000 பேரை அங்கே சேர்த்து வைத்திருந்தது எது? ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும். அந்த வருஷங்களில் வீட்டில் படுத்திருந்தால், இருபதாவது வருஷத்தில் மந்திரி வந்து மாலை போட்டு, சோகமாக நாலு வார்த்தை பேசிவிட்டுக் கார் ஏறியிருப்பார். பத்திரிகையில் படம் வந்திருக்கும். அவ்வளவுதான்.

அதே 2016-இல் இங்கிலாந்து ஒரு பொன் விழாவும் கொண்டாடியது. 1966 ஜூலை 30-ஆம் தேதி வெம்பிளியில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று தோற்கடித்து உலகக் கோப்பையை வென்றதற்கு ஐம்பது வருஷம். கொண்டாடட்டும், நன்றாக ஆடினார்கள். அந்தத் தங்கக் கோப்பை பிற்பாடு பிரேசிலுக்குச் சொந்தமாகி, 1983-இல் ரியோவில் திருடு போய், மறுபடி அகப்படவே இல்லை. பொன்னுக்கு நேர்ந்த கதி அது. ஏப்ரலில் அந்தத் தாய்மார்கள் வாங்கிய தீர்ப்பை எந்தத் திருடனும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆனால் கதை சுபமாக முடிந்தது என்று சொன்னால் நானும் விழாக் கட்டுரைக்காரன் ஆகிவிடுவேன். 2019-இல் அந்தப் போலீஸ் அதிகாரி விடுதலையானார். வாக்குமூலங்களை மாற்றிய வழக்கு 2021-இல் சரிந்தது. அந்தச் சாவுகள் தொடர்பாகத் தண்டனை என்று கிடைத்தது ஒரே ஒருவருக்கு. மைதானத்துக் கிளப்பின் முன்னாள் காரியதரிசிக்கு, பாதுகாப்பு விதியை மீறியதற்காக 6,500 பவுன் அபராதம். 97 உயிர்களை அந்தத் தொகையோடு சேர்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவேதான் அங்கே ஏப்ரல் 15 இன்னும் தீராத நாள்.

இப்போது அந்த ஆசிரியை அம்மாளின் கடிதத்தில் கீழே இருந்த வரிகள். அவருடைய மகள் ஒரு விபத்தில் இறந்துபோனாள். யாருடைய அஜாக்கிரதை என்று முடிவு செய்ய வேண்டிய கோப்பு ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் அந்த அம்மாள் அங்கே போகிறார். காலை பத்து மணிக்குப் போய், பெஞ்சியில் உட்கார்ந்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறார். "இது ஏழாவது வருஷம். ஏழுக்கு விழா கிடையாது. ஆகையால் யாரும் கட்டுரை எழுதமாட்டார்கள்" என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை என்னவென்றால், வெட்கம். என் மேஜையறையில் அது கிடந்தது. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் 'ஆச்சே' என்று சொன்ன அன்றிரவு தேடி எடுத்தேன். மறுநாள் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் அட்டை வந்தது. அதே முத்து முத்தான எழுத்து. கொஞ்சம் நடுக்கம் தெரிகிறது. கோப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். பெஞ்சியை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். வருகிற தேதியையும் குறித்திருந்தார். வரச் சொல்லவில்லை. போவதாக இருக்கிறேன்.

ஆசிரியருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பட்டியலை நான் எழுதமாட்டேன். அதற்குப் பதிலாக இதை அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். வாசகர்களுக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. யாராவது ஒரு விழாவுக்கு உங்களை அழைத்தால், எத்தனையாவது ஆண்டு என்று கேட்காதீர்கள். இதில் யாருக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள். பாக்கி ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷமாகப் போய்ப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பாக்கி இருந்தால், அடுத்த வருஷமும் போங்கள். அதற்கடுத்த வருஷமும் போங்கள்.